லோஷன் பிரிந்தால், திரிந்தால், நாறினால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

போன மே மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கற்றாழை லோஷன் செய்து விற்பவர். "அக்கா, நாப்பது பாட்டில்லயும் அடியில தண்ணி விட்டுருச்சுங்க. திரும்பக் காய்ச்சி, இன்னுங் கொஞ்சம் வேக்ஸ் போட்டு அடிச்சேன். இப்ப மேல எண்ணெயும் நிக்குதுங்க."

வேக்ஸைக் கூட்டியதுகூடப் பரவாயில்லை. நாற்பதையும் ஒரே பாத்திரத்தில் கொட்டியதுதான் பெரிய தப்பு. கெட்ட பாட்டில் ஒன்றுகூட மிஞ்சாததால், ஏன் கெட்டது என்று பார்க்க வழியில்லை. என்ன நடந்தாலும் சரி, முதலில் இரண்டு பாட்டிலைத் திறக்காமல் எடுத்து, தேதி எழுதி ஓரமாக வையுங்கள். அப்புறம் அடுப்பைப் பற்றவைக்கலாம்.

லோஷன் கெட்டதும் எல்லார் கையும் எமல்சிஃபையர் டப்பாவுக்குத்தான் போகிறது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள் அது; பொள்ளாச்சிக்காரர் போட்ட வேக்ஸும் அதுதான். என்னிடம் வந்த கெட்ட பேட்ச்களில் பெரும்பாலானவற்றில் அதன் அளவு சரியாகவே இருந்தது. கெடுத்தது சூடாகவோ உப்பாகவோ பிஎச் என்னும் அமில-கார அளவாகவோ காற்றாகவோ இருக்கும். சில சமயம் வெறும் தண்ணீர்.

பேச்சுக்கு ஒரு சூத்திரம் வைத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு: தேங்காய் எண்ணெய் 8, சூரியகாந்தி எண்ணெய் 6, கெட்டித்தன்மை தரும் மெழுகு போன்ற செட்டைல் ஆல்கஹால் 2, எமல்சிஃபையிங் வேக்ஸ் 5, கிளிசரின் 4, கற்றாழைச் சாறு 10, ஃபீனாக்ஸிஎத்தனால் கலந்த பிரிசர்வேட்டிவ் (கிருமித் தடுப்பு) 1, உலோக அயனிகளைக் கட்டிப்போடும் ஈடிடிஏ 0.1, மீதி 63.9 காய்ச்சி வடித்த நீர். எண்ணெய்ப் பகுதி மொத்தம் 21 கிராம்; அதில் கிட்டத்தட்ட கால் பங்கு வேக்ஸ். இதற்கு மேல் போட வேண்டியதில்லை.

மேலே வெள்ளை அடுக்கு, அடியில் கலங்கல் தண்ணீர்

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று வேறு விஷயங்கள் இவை.

முதலாவது வெறும் நுரை. ஹேண்ட் பிளெண்டரின் தலை பரப்புக்கு மேலே வந்துபோனால் காற்று உள்ளே இறங்கிவிடும். மறுநாள் அது மேலே ஏறி, பிரிந்த லோஷன் போலவே நிற்கும். பாட்டிலை மேஜையில் தட்டிப் பாருங்கள். அடுக்கு அமுங்கினால் காற்றுதான். பிளெண்டரைச் சாய்த்து உள்ளே விட்டு, தலையை முழுக்க அமிழ்த்திய பிறகு சுவிட்சைப் போட்டால் தீர்ந்தது.

இரண்டாவது, எண்ணெய்த் துளிகள் உடையாமல் மேலே மிதந்து சேர்வது. பால் ஆடை கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைப் பத்து முறை தலைகீழாகத் திருப்பினால் பழையபடி ஒன்றாகிவிடும்; நாளை மறுபடி பிரியும். துளி எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை ஸ்டோக்ஸ் 1851இல் கண்டுபிடித்த விதி சொல்கிறது. துளியின் ஆரம் பாதியானால் வேகம் கால் பங்காகும். சுற்றியுள்ள நீர் இரண்டு மடங்கு கெட்டியானால் வேகம் பாதியாகும். ஆகவே செய்ய வேண்டியது இரண்டு: சூடாக இருக்கும்போதே இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அடித்துத் துளியைச் சிறிதாக்குவது, நீர்ப் பகுதியில் சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொடியை 0.2 முதல் 0.3 சதவீதம் சேர்ப்பது. கம்மை நேரே தண்ணீரில் தூவினால் கட்டி கட்டியாகிவிடும். கிளிசரினில் குழைத்து ஊற்றுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான உடைவு. குலுக்கினாலும் சேராது, பரப்பில் ரசத்தில் மிதப்பது போல எண்ணெய் வட்டங்கள் தெரியும். ஒரு சொட்டை நியூஸ்பேப்பரில் வைத்தால் சுற்றிலும் எண்ணெய்க் கறை பரவும். கல்லூரி மைக்ராஸ்கோப் கிடைத்தால் 400 மடங்கில் பாருங்கள். முதல் நாள் சில மைக்ரான் அளவில் இருந்த துளிகள் முப்பதாம் நாள் பெரிய உருண்டைகளாகியிருந்தால் உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அளவு மாறாமல் இருந்தால் அது இரண்டாம் வகை.

உடைந்திருந்தால் முதலில் கேட்க வேண்டியது சூட்டைப் பற்றி. எண்ணெய் 75 டிகிரியில் இருக்கும். தண்ணீரை இறக்கிவைத்துவிட்டு போன் பேசிவிட்டு வருவதற்குள் அது வெகுவாக ஆறியிருக்கும். ஊற்றியதும் வேக்ஸ் அங்கேயே உறைந்துவிடும். இரண்டு பாத்திரத்திலும் தெர்மாமீட்டர் வைத்து, இரண்டும் 70 முதல் 75க்குள் இருக்கும்போது ஊற்றுங்கள். காய்ச்சும்போது ஆவியான தண்ணீரை எடை பார்த்து ஈடு செய்யுங்கள். இதைச் செய்யாமல்தான் "போன தடவை நல்லா வந்துச்சே" என்கிறார்கள்.

அடுத்தது வேக்ஸ். பொள்ளாச்சிக்காரர் விஷயம் இங்கேதான் இருந்தது. எமல்சிஃபையிங் வேக்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. பிரிட்டிஷ் ஃபார்மகோபியா (மருந்துத் தர நூல்) முறையில் செய்ததில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கும். அது எதிர்மின் சுமை உள்ளது. அமெரிக்க என்எஃப் (நேஷனல் ஃபார்முலரி) முறையில் செய்ததில் பாலிசார்பேட் போன்ற சுமையில்லாத பொருள் இருக்கும். அவர் பில்களைப் புரட்டிப் பார்த்தபோது ஏப்ரலில் கடை மாறியிருந்தது. போதாக்குறைக்கு, கை மெத்தென்று இருக்க வேண்டும் என்று பாலிகுவாட்டர்னியம் என்ற நேர்மின் பொருளையும் அதே மாதம்தான் சேர்க்க ஆரம்பித்திருந்தார்.

ஊகத்தில் விடவில்லை. நான்கு டம்ளரில் நூறு நூறு கிராம் செய்யச் சொன்னேன்: பழைய வேக்ஸ் தனியாக, பழைய வேக்ஸோடு பாலிகுவாட்டர்னியம், புது வேக்ஸ் தனியாக, புது வேக்ஸோடு பாலிகுவாட்டர்னியம். மற்றதெல்லாம் ஒன்றே. இரண்டாம் நாள் காலையில் போட்டோ வந்தது. நான்காவது டம்ளரில் மட்டும் விரல் கனத்துக்குத் தண்ணீர். புது வேக்ஸ் எதிர்மின் வகை, பாலிகுவாட்டர்னியம் நேர்மின் வகை. இரண்டும் தனித்தனியாக நல்ல பொருள்கள். சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எமல்சிஃபையரைச் செயலிழக்க வைத்துவிடும். இந்த நிலையில் அதே வேக்ஸை இன்னும் கொட்டி என்ன பிரயோஜனம்? வேக்ஸ் வாங்கும்போது சான்றுத்தாள் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஏதோ ஒன்றைச் சேர்த்ததும் தயிராகத் திரிந்தது

எதைச் சேர்த்தபோது என்பதிலேயே பதில் இருக்கிறது. ஸ்டியரிக் அமிலமும் ட்ரைஎத்தனாலமின் என்ற காரப்பொருளும் போட்டுச் செய்யும் வேனிஷிங் கிரீமில் எமல்சிஃபையர் என்று தனியாக எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்து உண்டாகும் சோப்தான் அது. அதில் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ விட்டால் சோப் திரும்ப ஸ்டியரிக் அமிலமாகிவிடும். பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான். அமிலம் வேண்டுமென்றால் அந்த அடிப்படையே வேண்டாம். சுமையில்லாத வேக்ஸுக்கு மாறுங்கள்.

திரியாமல், கெட்டியாக இருந்தது சட்டென்று ஓடும் பதத்துக்கு வந்தால், கெட்டியாக்கப் போடும் கார்போமரைச் சந்தேகப்படுங்கள். அதற்கு உப்பு ஆகாது. கற்றாழைச் சாற்றில் இயற்கையாகவே உப்புகள் உண்டு. விட்டமின் சி பாஸ்பேட் வகைகளும் உப்புதான். சாந்தன் கம் இதைத் தாங்கும்.

இரண்டாம் நாள் கெட்டி, இரண்டாம் மாதம் தண்ணி

முதல் பாதி கோளாறே அல்ல. செட்டைல் ஆல்கஹாலும் வேக்ஸும் ஆறும்போது உள்ளே ஒரு வலை பின்னும். அது முடிய ஒன்றிரண்டு நாள் ஆகும். சூடாக இருக்கும்போது பதம் பார்த்து "தண்ணியா இருக்கே" என்று இன்னும் இரண்டு கிராம் செட்டைல் போடுபவர்களுக்கு மூன்றாம் நாள் பாட்டில் பம்ப் ஏறாது. 48 மணி நேரம் கழித்துத்தான் பதத்தைக் குறித்துவையுங்கள். பதத்தை அளக்கும் விஸ்காமீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரே கண்ணாடித் தட்டில் ஒரே அளவு சொட்டு வைத்து 45 டிகிரி சாய்த்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளந்தால், பேட்சுக்குப் பேட்ச் ஒப்பிட அதுவே போதும்.

இரண்டாம் பாதி கோளாறுதான். மெதுவாக நீர்த்துப்போகும் லோஷனில் பிஎச்சைப் பாருங்கள். ஒரு கிராம் லோஷனை ஒன்பது கிராம் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, 4, 7 பஃபர்களில் (பிஎச் தெரிந்த கரைசல்கள்) அன்றே சரிசெய்த மீட்டரால் அளக்க வேண்டும். காகிதப் பட்டையை நேரே லோஷனில் ஒட்டினால் எண்ணெய்தான் படியும். யூரியா போட்டிருந்தால் அது சிதைந்து அம்மோனியா விட்டு பிஎச்சை ஏற்றும். பிஎச் நகராமல் பதம் மட்டும் தளர்ந்தால், தோட்டத்திலிருந்து அன்றே வெட்டிய கற்றாழையா என்று கேட்பேன். பச்சைச் சாற்றைக் கெட்டியாக வைத்திருக்கும் பொருளே சில வாரங்களில் சிதைந்துவிடும். நிறமும் இளஞ்சிவப்பாக, பிறகு பழுப்பாக மாறும். இன்னொரு காரணம் கிருமி. அதைக் கீழே பார்ப்போம்.

விரலில் மணல் போல நெருடுகிறது

உள்ளங்கையில் தேய்க்கும்போது நெருடல் கரைந்தால் அது கொழுப்பு. ஷியா பட்டர், கோகம் பட்டர் இரண்டும் மெல்ல ஆறினால் பெரிய படிகமாகும். குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கிளறி வேகமாக ஆற்றுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும் என்பதால் மார்கழியில் ஊட்டிக்குப் போன பாட்டிலில் பதம் மாறினால் பதற வேண்டாம். தேய்த்தும் கரையாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கரைந்தால், தண்ணீரில் கரைக்காமல் கடைசியில் தூவிய பொடி அது.

கையில் தேய்க்கத் தேய்க்க சோப் நுரை மாதிரி வெள்ளையாகவே நிற்பதும் அடிக்கடி வரும் புகார். வேக்ஸ், செட்டைல் இரண்டும் அதிகம். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் அரை சதவீதம் சேர்த்தாலே அடங்கும்.

நிறமும் வாடையும் மாறிவிட்டது

மஞ்சள் போட்ட லோஷன் சிவந்தால் பிஎச் காரப் பக்கம் போய்விட்டது; வெளுத்தால் வெயில் பட்டிருக்கிறது. விட்டமின் சி பழுப்பானால் ஆக்சிஜன் பட்டுச் சிதைந்திருக்கிறது. நிறம்தானே என்று விற்காதீர்கள். உள்ளே பலன் தரும் பொருள் குறைந்துவிட்டது.

சிக்கு வாடை எண்ணெயிலிருந்து வருவது. பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வருமே, அதே வாடை. சூரியகாந்தி எண்ணெயில் சீக்கிரம் வரும்; தேங்காய் எண்ணெயில் தாமதம். எண்ணெய்ப் பகுதியில் விட்டமின் ஈ, நீர்ப் பகுதியில் ஈடிடிஏ இரண்டும் சேர்ந்து தள்ளிப்போடும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "விட்டமின் ஈ போட்டிருக்கேன், அதான் பிரிசர்வேட்டிவ்" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள். அது எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கும். ஒரு பூஞ்சையைக்கூடக் கொல்லாது.

மூடிக்கு அடியில் பூசணம்

பேட்ச் முழுவதையும் கொட்டிவிடுங்கள். புள்ளியை வழித்துவிட்டு விற்பது, திரும்பக் காய்ச்சுவது எதுவும் கிடையாது. ஆனால் கொட்டுவதற்கு முன் எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

மூடியின் உட்புறத்திலும் ஜாடியின் கழுத்திலும் மட்டும் என்றால், சூடாக இருக்கும்போதே மூடியிருக்கிறீர்கள். ஆவி மூடியில் முத்து முத்தாக நிற்கும். அந்தத் துளியில் பிரிசர்வேட்டிவ் இல்லை. பூசணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மூடுங்கள்.

லோஷனுக்குள்ளேயே பிடித்திருந்தால் பிரிசர்வேட்டிவ் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் பிஎச்தான். "இயற்கையானது" என்று விற்கும் சோடியம் பென்சோயேட்டில் கிருமியைத் தடுப்பது அதன் அமில வடிவம் மட்டுமே. பிஎச் 5இல் போட்டதில் ஏழில் ஒரு பங்குதான் அந்த வடிவத்தில் இருக்கும். பிஎச் 6இல் அறுபதில் ஒரு பங்குகூடத் தேறாது. பிஎச்சை 5க்குக் கீழே கொண்டுவர முடியாதென்றால் வேறு பிரிசர்வேட்டிவ் பாருங்கள். ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு பிஎச் பெரிதாகப் பொருட்டில்லை. ஆனால் தனியாக இருந்தால் பூஞ்சையிடம் கொஞ்சம் சோப்ளாங்கி. அதனால்தான் கூட்டாளியோடு வருகிறது. பாராபென் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பாலிசார்பேட் அதைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும்; அளவு சரியாக இருந்தும் தோற்கும்.

கண்ணுக்கு எதுவும் தெரியாதது சுத்தம் என்பதற்கு அத்தாட்சி அல்ல. லேபில் கொடுக்க வேண்டிய சோதனைகள் இரண்டு. ஒன்றை மற்றதாக எண்ணிவிடாதீர்கள். இப்போது எத்தனை கிருமி இருக்கிறது என்று எண்ணுவது ஒன்று. சர்வதேசத் தர விதியான ஐஎஸ்ஓ 17516இன்படி பொதுவாக கிராமுக்கு 1000க்குள், கண்ணைச் சுற்றிப் போடுவதிலும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கானதிலும் 100க்குள் இருக்க வேண்டும். இரண்டாவது, வேண்டுமென்றே கிருமியை விட்டுப் பார்க்கும் சேலஞ்ச் டெஸ்ட். ஐஎஸ்ஓ 11930 முறையில் ஐந்து கிருமிகளை விட்டு 28 நாள் பார்ப்பார்கள். அதன் கடுமையான அளவுகோலில் பாக்டீரியா ஏழு நாளுக்குள் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். வாடிக்கையாளர் தினமும் ஈர விரலை ஜாடிக்குள் விடப்போகிறார். அந்த விரலுக்கு நிகரான சோதனை இதுதான். காசு ஆகும்; ஆனாலும் விற்பனைக்குப் போகும் எந்த லோஷனுக்கும் இதைத் தவிர்க்காதீர்கள். காஸ்மெடிக்ஸ் விதிகள் 2020இன்படி காஸ்-8 உரிமம் இல்லாமல் தயாரித்து விற்கவும் முடியாது.

கோளாறே தெரியவில்லை, நம்பலாமா?

முதல் நாள் அழகாக இருக்கும் லோஷன் எதையும் நிரூபிக்கவில்லை. ஒரே பேட்சிலிருந்து பாட்டில்களை எடுத்து ஃபிரிட்ஜில் சில, அலமாரியில் சில, ஜன்னல் வெயிலில் ஒன்று, 45 டிகிரிப் பெட்டியில் சில என்று வையுங்கள். விற்கப்போகும் அதே பாட்டிலில் வையுங்கள். பாட்டிலின் பிளாஸ்டிக்கும் லோஷனை மாற்றலாம். கோழிக்குஞ்சு பொரிக்கும் சின்ன இன்குபேட்டர் 37.5 டிகிரிக்கு வைத்து விற்பார்கள். தெர்மோஸ்டாட்டை 45க்குத் திருப்ப முடிகிறதா என்று பார்த்து வாங்கினால் மலிவாக முடியும். இன்னொரு பாட்டிலை ஒரு நாள் ஃபிரிட்ஜ், ஒரு நாள் 45 என்று ஆறு சுற்று மாற்றுங்கள். கல்லூரி லேபில் வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் கிடைத்தால் நிமிடத்துக்கு 3000 சுற்றில் அரை மணி நேரம். மாதக்கணக்கில் மிதக்கப்போவது அன்றே மிதந்துவிடும்.

பெட்டியை 55, 60 என்று ஏற்றிவிடாதீர்கள். அலமாரியில் ஒருநாளும் உருகாத மெழுகு அங்கே உருகும். இல்லாத கோளாறைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

"40 டிகிரியில் மூன்று மாதம் தாங்கினால் இரண்டு வருஷம் தாங்கும்" என்ற வழக்கை அப்படியே நம்புவதும் தப்பு. பத்து டிகிரிக்கு ரசாயன வேகம் இரட்டிக்கும் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 20 டிகிரி அறையோடு ஒப்பிட 40 என்பது நான்கு மடங்கு. மூன்று மாதம் ஒரு வருஷத்துக்குச் சமம். நம் ஊர் அலமாரியே 32 டிகிரியில் இருக்கிறது. 45இல் மூன்று மாதம் வைத்தாலும் ஏழு மாதம் சொச்சத்துக்குத்தான் ஈடு. அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய கூரியர் வண்டிக்குள் சூடு இன்னும் அதிகம். பெட்டிச் சோதனை மோசமானதைச் சீக்கிரம் கழிக்க உதவும். பாட்டிலில் எத்தனை மாதம் அச்சடிக்கலாம் என்பதற்கு அலமாரியில் நிஜமாகவே காத்திருப்பதைவிட நம்பகமான வழி இல்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது, பலன் மட்டும் தெரியவில்லை

முதலில் பொருள் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கரும்புள்ளி மங்கப் போடும் நியாசினமைடு (விட்டமின் பி3 வகை) பிஎச் 6 வாக்கில் நிம்மதியாக இருக்கும். அமிலம் கூடி நாளானால் நிகோடினிக் அமிலமாக மாறும். பலன் குறைவதோடு முகம் குப்பென்று சிவந்து சூடாகும். மூன்று மாதமான பாட்டிலில் அளவு என்ன என்று லேபில் எச்பிஎல்சியில் (பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லலாம்.

அப்புறம் சோதனையே சரியா என்று பாருங்கள். லேப்களில் தோலின் ஈரத்தைக் கார்னியோமீட்டராலும் தோலிலிருந்து ஆவியாகும் நீரை இன்னொரு கருவியாலும் அளப்பார்கள். அதற்கு முன் ஆளை 20 முதல் 22 டிகிரி அறையில் இருபது நிமிடம் சும்மா உட்காரவைப்பார்கள். ஆகஸ்ட் மாதச் சென்னையில் வியர்த்த கையில் எதைப் பூசினாலும் ஈரமாகத்தான் தெரியும். வீட்டில் செய்வதென்றால் ஏசி அறை, இல்லாவிட்டால் தை மாதம். முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கையில் முழு லோஷன், மறு கையில் அதே லோஷன் பலன் தரும் பொருள் இல்லாமல். பாட்டிலில் எண் மட்டும். எது எது என்பது வீட்டில் வேறொருவருக்குத்தான் தெரிய வேண்டும். தினம் இரண்டு வேளை, நான்கு வாரம். காலையில் குளிப்பதற்கு முன் நகத்தால் லேசாகக் கோடு இழுத்து, வறண்ட தோலில் விழும் வெள்ளைக் கோடு எவ்வளவு தெரிகிறது என்று அதே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். வெயில் தடுப்பு அளவான எஸ்பிஎஃப் மட்டும் இந்த விளையாட்டில் சேராது. ஐஎஸ்ஓ 24444 முறையில் மனிதத் தோலில் விளக்கு வைத்து அளக்கும் எண் அது. வீட்டில் ஊகித்து லேபிளில் போடவே கூடாது.

பொள்ளாச்சிக்காரரும் அவருடைய நாத்தனாரும் தை மாதம் இப்படிச் செய்தார்கள். நான்காவது வாரம், எந்த எண் எது என்று எழுதிவைத்த உறையைப் பிரித்தபோது வெள்ளைக் கோடு இரண்டு கையிலும் ஒரே மாதிரி மறைந்திருந்தது. நியாசினமைடு போட்ட கையில் கரும்புள்ளி மங்கவும் இல்லை. "அப்ப வெறும் கிளிசரினும் எண்ணெயும்தான் வேலை செஞ்சுதுங்களா?" என்று கேட்டார். ஈரப்பதத்துக்கு ஆமாம், புள்ளிக்கு நான்கு வாரம் போதாது என்றேன். லேபிளில் "ஈரப்பதம் தரும்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, புது எண் போட்ட பாட்டில்களோடு பன்னிரண்டு வாரக் கணக்கை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.